மிலிட்டரி வண்டியில் எழுதிய மூன்று பெயர்கள்

பதினெட்டு வருஷம் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து, பெயர் எழுதிப் பிழைத்தவன் நான். தருமபுரியிலிருந்து சேலம் போகிற சாலையோரம் என் தகரக் கொட்டகை இருந்தது. பிழையாக எழுதிவிட்டு அழித்த பெயர்களுக்குக் கணக்கில்லை. ஒரு புள்ளிகூடக் குறையாமல் சரியாக எழுதிவிட்டு, பிறகு என் கையாலேயே அழித்து, திரும்ப எழுதாமலே விட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தப் பெயருக்கு உரியவள் ஒரு பெண் குழந்தை. நான் எழுதுவதற்கு ஏழு வருஷம் முன்பே, ஆறு வயதில், காய்ச்சலில் இறந்துபோனவள். எனக்கு அது தெரியாது. படிக்கிறவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். விஷயத்தை ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது. அவளைப் பெற்ற இரண்டு பேரும் அவள் போனதிலிருந்து அவள் பெயரை ஒருவர் முன்னால் ஒருவர் சொன்னதில்லை. அதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் குழந்தையின் அப்பா ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நல்லம்பள்ளிப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. எண்பதுகளின் நடுவில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம், ராணுவத்தில் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்து ஓட்டி வந்தார். பென்னாகரத்துப் புளி, நிலக்கடலை, மாங்காய் என்று எதையாவது ஏற்றி மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். மூக்கு நீண்ட பழைய வண்டி. என் கொட்டகைக்கு முன்னால் அதை நிறுத்திய விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்தது. கயிறு பிடித்து வைத்த மாதிரி நேராக நிறுத்தினார்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் இந்தப் பச்சையோட வண்டியக் கொண்டுவராதன்னுட்டாருங்க பாய். கலர மாத்துனாத்தான் நம்பர் குடுப்பாங்களாம்," என்றார்.

அது தெரிந்த விஷயம்தான். ராணுவப் பச்சையில் தனியார் வண்டி ஓடக் கூடாது. அந்தப் பச்சை இலைப் பச்சையும் இல்லை, கிளிப் பச்சையும் இல்லை. குளத்தின் அடியில் கிடந்து எழுந்த மாதிரி மங்கலாக, வெயில் பட்டாலும் மினுக்காமல் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் லப்பம் அடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே கலர் இரண்டு கை. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் காலை அவர் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கையில் சோற்றுத் தூக்கு. வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்தார். நானும் என் ஆளும் அதற்குள் ஒரு பக்கம் தேய்த்து முடித்திருந்தோம்.

"தம்பி, இந்தப் பச்சை மேலயேதான் பெயின்ட் அடிப்பீங்களா?"

"ஆமாங்க அக்கா. மூணு கை அடிச்சா பச்சை தெரியாது."

"தெரியாதுன்னா? உள்ள இருக்குமில்ல?"

"உள்ள இருந்தா என்னங்க?"

"இருக்கக் கூடாது. தகரம் தெரியிற வரைக்கும் சொரண்டிடுங்க."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது ஊரறிந்த விஷயம். வண்டிக்கு எப்படிப் பெயின்ட் அடிப்பது என்று களை பறிக்கிற கை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? தகரம் தெரியச் சுரண்டுவதென்றால் இன்னும் பத்து நாள் ஆகும், இடுப்பு ஒடிந்துவிடும் என்றேன். அக்கா தூக்கை நிழலில் வைத்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், தரையில் கிடந்த சுரண்டியை எடுத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தேன். "அவ சொல்றபடியே செய்யுங்க பாய்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கொட்டகையின் கதவும் பச்சைதான். பள்ளிவாசலுக்கு அடித்து மீந்ததை வீணாக்க மனமில்லாமல் நானே அடித்து வைத்தது. "அக்கா, அந்தக் கதவையும் சொரண்டணுமா?" என்று குத்தலாகக் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "அது வேற பச்சை தம்பி," என்றார். சிரிக்கவில்லை.

பத்து நாள் தினமும் வந்தார். காலை பஸ்ஸில் வருவார், மாலை பஸ்ஸில் போவார். புருஷனும் சுரண்டினார். ஆனால் அக்கா இடது பக்கம் என்றால் அவர் வலது பக்கம். அக்கா பின்னால் என்றால் அவர் முன்னால். மதியம் களியும் கீரைக் குழம்பும் தூக்கிலிருந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா நாலடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார். சண்டைபோட்ட சாயல் இரண்டு முகத்திலும் இல்லை. ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் போகும். "பாய், அந்தப் பக்கம் முடிஞ்சிருச்சான்னு கேளுங்க," என்பார் அவர். எட்டு அடி தூரத்தில் இருக்கிற பெண்டாட்டியிடம் கேட்பதற்கு நான் எதற்கு என்று எரிச்சல் வரும். கேட்டும் சொல்வேன். இத்தனை வருஷம் வெளியூரில் இருந்த மனிதர், வீட்டோடு ஒட்ட நாளாகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். கதவுகளின் உட்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சுரண்டாமலே ரெட் ஆக்சைடு அடித்து விட்டேன். மூன்று நாள் வெயிலில் நின்றதும், ராணுவத்தில் வெள்ளையாக எழுதியிருந்த எண்ணும் அம்புக்குறியும் தடித்த தழும்பு மாதிரி மேலே எழும்பி வந்துவிட்டன. அக்கா அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சுரண்டியை எடுத்துவந்து தானே ஆரம்பித்தார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு நான் சாப்பிடாமல் அவருக்குச் சரியாக நின்று இரண்டு கதவையும் சுரண்டினேன்.

வண்டி முழுக்க வெறும் தகரமாக நின்ற அன்று மாலை அக்கா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கலர் என்று கேட்டேன். டப்பா மூடிகளைப் பரப்பி வைத்ததில் செங்கல் நிறத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு நான் வேலையில் எந்த வஞ்சனையும் செய்யவில்லை.

கலர் முடிந்தால் எழுத்து. எங்கள் பக்கத்து லாரிகளில் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற பலகையில் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள். வயது வரிசைப்படி, இடமிருந்து வலமாக. சாமி பெயருக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். இறந்தவர் பெயரை அங்கே யாரும் எழுத மாட்டார்கள். அப்படி எழுதினால் வண்டியும் அந்த வழியே போய்விடும் என்று தொப்பூர்க் கணவாயில் ஓட்டுகிற டிரைவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்த இறக்கத்தில் உருண்டு கிடக்கிற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவதில் ஆச்சரியமில்லை.

பெயர் எழுத நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ரேஷன் கார்டைக் கொண்டுவந்தால்தான் எழுதுவேன். முன்பு ஒருமுறை வண்டிக்காரர் வாயால் சொன்னதை அப்படியே எழுதி, பள்ளிக்கூடம் போகிற அவர் மகன் வந்து அப்படியில்லை என்று சொல்லி, சந்தை நாளில் நாலு பேர் முன்னால் அழித்து எழுதும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

"கார்டு எதுக்குங்க பாய்? பேரு ரெண்டுதான், நானே சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தார் அவர்.

"வேணாங்க அண்ணே. வாயால சொல்றத நான் எழுதறதில்ல. கார்டக் கொண்டாங்க," என்றேன். ரெண்டு என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. மனதில் நிற்கவில்லை. என் சட்டம் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை கார்டைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே துணி சுற்றியிருந்தது. அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்ததை எடுத்து வந்தார், கொடுத்தார், போய்விட்டார். அக்காவுக்கு அன்று காட்டில் களை வேலை, வரவில்லை. நான் கார்டைத் திறந்தேன். குடும்பத் தலைவர், மனைவி, ஒரு மகள், இரண்டு மகன்கள். மூன்று பிள்ளைகள். மகள்தான் மூத்தவள்.

சுண்ணாம்பு நூலடித்துக் கோடு போட்டேன். மஞ்சள் எனாமலில் எழுத்து, கறுப்பில் நிழல். பையன்கள் பெயர் இரண்டும் நன்றாகவே வந்தன. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் விழுந்த மாதிரி என் வாழ்க்கையில் நாலைந்து எழுத்துதான் விழுந்திருக்கும். சுழி அதிகமுள்ள பெயர். என் கைக்குச் சுழி பிடிக்கும். மாலை வெயிலில் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பூஜை போட்டு வண்டியை எடுத்துப்போவதாகப் பேச்சு. அவர் முதலில் சைக்கிளில் வந்தார். அக்கா பூஜைச் சாமான்களோடு பத்து மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். சைக்கிளை நிறுத்திவிட்டு வண்டியைப் பார்த்தவர் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் இருந்தது. பிறகு பலகையைப் பார்த்தார். சைக்கிள் பூட்டின் சாவி கையிலேயே இருக்க, அப்படியே நின்றார்.

"இதை யாரு எழுதச் சொன்னது?" என்றார்.

பிழை கண்டுபிடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. "கார்டப் பாத்துத்தாங்க எழுதுனேன். எதுல தப்பு, சொல்லுங்க," என்று விறைப்பாகச் சொல்லி, கார்டை எடுத்துவந்து அந்த வரியில் விரலை வைத்து நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கார்டுலேர்ந்து அவ எடுத்திருப்பான்னு நெனச்சேன்," என்றார். "இந்தப் புள்ள இல்லைங்க பாய். ஏழு வருசம் ஆச்சு."

மன்னிச்சிருங்க என்று எத்தனை முறை சொன்னேனோ. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் வடக்க மலை மேல இருந்தேன். இதே மாதிரி வண்டிதான். தந்தி என் கைக்கு வந்தப்ப ஒம்பது நாள் ஆயிருச்சு. லீவு குடுத்தாங்க. நான்தான் போவல."

"ஏங்க அண்ணே?"

"போய் என்ன பண்றது. புள்ளயே போயிருச்சு. அந்த வூட்டுக்குள்ள எப்படி நொழையறதுன்னு இருந்துட்டேன். நாலு மாசம் கழிச்சு வழக்கமான லீவுலதான் வந்தேன். அவ ஏன் வரலன்னு கேக்கல. நானும் என்னாச்சுன்னு கேக்கல. அப்படியே போயிருச்சு."

அக்கா ஏன் தகரம் தெரியச் சுரண்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை போனபோது அவரை மலை மேலேயே வைத்திருந்த பச்சை அது. பத்து நாள் என் கண்ணெதிரே ஒரு பெண் விரல் தோல் உரியச் சுரண்டியிருக்கிறார். நான் அதற்குக் குத்தல் பேசியிருக்கிறேன்.

"அழிச்சிருங்க பாய்," என்றார். "அவ பஸ்ஸுல வந்துட்டிருக்கா. வர்றதுக்குள்ள அழிச்சிருங்க."

ஒரு ராத்திரி காய்ந்த எனாமல் மண்ணெண்ணெய்க்கு அசையாது. துணியில் தின்னரை நனைத்து ஏணியில் ஏறினேன். எனக்கும் அப்போது வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். முதல் எழுத்தின் சுழியில் துணியை வைக்க மனம் வரவில்லை. செய்யத்தான் செய்தேன். மஞ்சளும் கறுப்பும் கலந்து, அடியில் இருந்த செங்கல் நிறமும் இளகி வந்து, பலகையின் இடது பக்கம் அழுக்குத் திட்டாக ஆகிவிட்டது. கடைசி எழுத்து மிச்சமிருந்தபோது பஸ் வந்து நின்றது.

அக்கா கூடையோடு இறங்கி வந்தார். எழுத்து படிக்கத் தெரியாதவர். பலகையை அவர் முதலில் பார்க்கவே இல்லை. புருஷன் கையில் கார்டு இருந்ததைத்தான் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்து ஏணியையும் என்னையும் பார்த்தார், பையன்கள் பெயருக்கு முன்னால் இருந்த திட்டைப் பார்த்தார்.

"அங்க என்ன இருந்துச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க அக்கா. கை தவறிடுச்சு," என்றேன் நான்.

"அவ பேரு இருந்துச்சு," என்றார் புருஷன். எழுந்து நின்று, அந்தப் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும் சொன்னார். "பாய் தெரியாம எழுதிட்டாரு. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

அக்கா மறுபடியும் அவர் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். சாலையில் இரண்டு மூன்று லாரிகள் போயின.

"பேர எடுக்கச் சொல்லி தாலுக்கா ஆபீசுல ரெண்டு தடவ சொன்னாங்க. நான் போவல," என்றார். அது புருஷனுக்குச் சொன்ன பதில். பிறகு என்னைப் பார்த்து, "பசங்க பேரு அளவுக்குத்தான் எழுதியிருந்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"அதே அளவுதாங்க அக்கா. முதல் பேரா எழுதியிருந்தேன். ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

"முதல் பேரா," என்று சொல்லிக்கொண்டார்.

"திரும்ப எழுதிடுங்க பாய்," என்றார் அவர் திடீரென்று. "யாரு என்ன சொன்னாலும் சரி. எழுதிடுங்க."

நான் பிரஷ்ஷைத் தேடிக் கீழே இறங்கிவிட்டேன். உண்மையில் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அக்கா தலையை ஆட்டினார்.

"வேணாம். ரோட்டுல சுத்துனது நீங்க. அவ வூட்டுலதான் இருந்தா. அங்கயே இருக்கட்டும்," என்றார். புருஷன் கையிலிருந்து கார்டை வாங்கித் துணியைச் சுற்றினார்.

நான் பையன்கள் பெயரையும் அழித்துவிட்டு, பலகைக்கு மறுபடி ஒரு கை அடித்து, அது லேசாக இறுகியதும் இரண்டு பெயர்களையும் நடுவில் எழுதினேன். அவசர வேலை. எழுத்து சுமாராகத்தான் வந்தது. அவர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். நாலு டயருக்கு முன்னாலும் அக்கா எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பட்டும் என்று கை கழுவிவிட்டு நின்றேன்.

அவர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். அக்கா அந்தப் பக்கம் ஏறி, கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார். என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால் எனக்கும் விழுந்தது.

"கடைசியில ஏதாவது கேட்டாளா?"

"முறுக்கு கேட்டா," என்றார் அக்கா. "காய்ச்சல்ல எப்படி முறுக்கு குடுக்கறது. நான் குடுக்கல."

அவர் என்ஜினை நிறுத்தினார்.

நான் சத்தம் போடாமல் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடித்துத் திரும்பி வந்தபோது எலுமிச்சம்பழங்கள் டயருக்கு முன்னால் நசுங்காமல் கிடந்தன. வண்டிக்குள்ளே அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.